அம்மாவோடு ஐரோப்பா: முதல் மூன்று நாள் பற்றி எல்லாரும் கேட்கும் கேள்விகள்

போன ஜூனில் 68 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பா போய்வந்தேன். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் இறங்கி அங்கே ஐந்து நாள், அப்புறம் ரயிலில் மேற்கே. திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர், அலுவலகத்தார், அம்மாவின் தோழிகள் என்று யார் பேசினாலும் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். முதல் மூன்று நாளைப் பற்றி மட்டும். பெற்றவர்களோடு போகிறவர்கள் சொதப்புவது பெரும்பாலும் அந்த மூன்று நாளில்தான்.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி. ஐரோப்பான்னா நடந்துகிட்டே இருக்கணுமாமே, கூட்டிட்டுப் போறது சரியா வருமா?

வரும், இறங்குகிற ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். வியன்னாவில் எல்லா மெட்ரோ நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, ஊரின் நடுப்பகுதி சமதரை. பாரிஸ் மெட்ரோ பழையது. 14-ஆம் எண் பாதையை விட்டால் பல நிலையங்களில் படிக்கட்டுதான் கதி, அங்கே பஸ்ஸே மேல். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி. லிஸ்பன் முழுக்க மேடு. இவற்றையெல்லாம் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை, முதல் ஊராக வைக்காதீர்கள்.

இன்னொன்று, தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள், நிற்கிற நேரத்தைக் கணக்குப் போடுங்கள். அம்மாவின் முட்டி ஒரு மணி நேர நடையைத் தாங்கியது, இருபது நிமிட வரிசையைத் தாங்கவில்லை.

முதல் மூணு நாள்ல எத்தனை ஊர் போடலாம்?

ஒன்று.

ஏர்போர்ட்ல வீல்சேர் கேட்டா தனியா காசு பிடிப்பாங்களா? அம்மாவால நடக்க முடியும், அப்புறம் எப்படிக் கேட்கிறது?

காசு கிடையாது. 2006-ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி (எண் 1107) நடமாட்டச் சிரமம் உள்ள பயணிக்கு விமான நிலையத்தில் இலவசமாக உதவ வேண்டும். வயதும் அதற்கு ஒரு காரணம்தான், சான்றிதழ் தேவையில்லை. பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

நடக்க முடிகிறவர் கேட்கலாமா என்றால், வீட்டுக்குள் நடப்பது வேறு, இரவு முழுக்க உட்கார்ந்து கால் வீங்கிப் போய் இறங்கியபின் நீண்ட தாழ்வாரங்களில் நடந்து குடியேற்ற வரிசையில் நிற்பது வேறு. எங்கள் அம்மா "நான் என்ன நோயாளியா" என்று முறைத்தார். "உனக்கில்லை, உன் புண்ணியத்தில் எனக்கும் வரிசை மிச்சம்" என்றதும் ஏறி உட்கார்ந்துவிட்டார். அது உண்மையும்கூட, உடன் வருகிறவரையும் பெரும்பாலும் சேர்த்தே கூட்டிப் போய்விடுகிறார்கள்.

இமிக்ரேஷன்ல அம்மாவைத் தனியாக் கேள்வி கேட்பாங்களா? அவங்களுக்கு இங்கிலீஷ் வராது.

ஒரே குடும்பம் என்று சொல்லிச் சேர்ந்தே போய் நில்லுங்கள். வழக்கமாக விடுவார்கள். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், இவ்வளவுதான் எங்களிடம் கேட்டது. தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் காகிதத்தில் எடுத்து அம்மாவின் கைப்பையிலும் ஒரு பிரதி வைத்தேன், போனில் சார்ஜ் இல்லாமல் போனால் அதுதான் துணை.

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகள் 29. அவற்றில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேதான் இந்தச் சோதனை. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் மாறி வியன்னா போனால் சோதனை ஃபிராங்ஃபர்ட்டில், வியன்னாவில் வெளியே நடந்து வந்துவிடலாம். அதனால் மாறும் விமானத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் எடுக்காதீர்கள், பெரியவர்களை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. அக்டோபர் 2025 முதல் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக முகப்படம் எடுத்துக் கணினியில் பதியும் முறையும் படிப்படியாக வந்திருக்கிறது, முதல் முறை போகிறவர்களுக்கு அதனால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அம்மா ஒரு பெட்டி நிறைய சாப்பாட்டுச் சாமான் கட்டி வச்சிருக்காங்க. விடுவாங்களா?

பால், பால் பொருள், இறைச்சி இவற்றை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய் பால் பொருள், பால்கோவா பால் பொருள், கருவாட்டுக்கும் தனி விதிகள் உண்டு, வம்பே வேண்டாம். செடி சம்பந்தப்பட்டதில் பச்சையாக இருப்பதுதான் சிக்கல். கறிவேப்பிலைக் கொத்துக்கெல்லாம் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு என்பது வேடிக்கையான பட்டியல், ஆனால் நிஜம்.

பொடி, ஊறுகாய், வறுத்த அப்பளம், அரிசி, பருப்பு எங்களிடம் இருந்தன, யாரும் எதுவும் சொல்லவில்லை. நெய்யில் செய்த பலகாரத்தை மட்டும் கிளம்பும் முன்பே வெளியே எடுத்து வைத்தேன். அம்மா அதற்காக விமானம் ஏறும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

விமானம் காலை ஏழு மணிக்கே இறங்குது, ரூம் மூணு மணிக்குத்தான் தருவாங்களாம். நடுவுல அவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பதில் இருக்கிறது. முடிந்தால் மதியம் இறங்கும் விமானமாக எடுங்கள். முடியாவிட்டால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறைக்குப் பணம் கட்டுங்கள். வீண் செலவு மாதிரி தெரியும். இல்லை.

நாங்கள் இரண்டும் செய்யவில்லை. வரவேற்பாளரே இல்லாத வீடு, கதவோரப் பெட்டியில் எண் அழுத்திச் சாவி எடுக்க வேண்டும், மூன்று மணிக்கு முன்னால் அந்த எண்ணே வராது. விமான நிலையத்திலிருந்து தலைமை ரயில் நிலையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம்தான், அங்கே லாக்கரில் பெட்டிகளைப் போட்டோம். பக்கத்திலேயே ஷ்வைட்சர்கார்ட்டன் என்று பூங்கா, மர நிழலில் பெஞ்சுகள். அம்மா கைப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஜோடியாகப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார். முப்பது வருடத்தில் அவர் பொது இடத்தில் தூங்கி நான் பார்த்ததில்லை. ஐந்தாறு மணி நேரத்தை அப்படித்தான் ஓட்டினோம், பல்லைக் கூடச் சரியாக விளக்காமல்.

வீடு எடுக்கிறதா, ஓட்டலா? முதல் மாடின்னு போட்டிருக்கு, ஒரு மாடிதானே, லிஃப்ட் இல்லைன்னா என்ன?

இந்த "ஒரு மாடிதானே"-வை நானும் நம்பினேன். வியன்னாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே ஹோஹ்பார்ட்டேர் என்று ஒன்று, அதற்கும் மேலே மெட்சானின் என்று ஒன்று, இரண்டும் தாண்டித்தான் "முதல் மாடி" வரலாம். எல்லாக் கட்டடத்திலும் இப்படி இல்லை, எங்களுடையதில் இருந்தது. பெயருக்கு முதல் மாடி, ஏறினது மூன்று மாடி. உயரமான கூரை வேறு, அதனால் ஒவ்வொரு மாடிக்கும் படிகள் அதிகம்.

மூன்று நாளுக்கு மேல் ஒரே ஊர் என்றால் சமையலறை உள்ள வீடு நல்லது, அதைவிடக் குறைவென்றால் ஓட்டல். எதுவானாலும் தெருவாசலிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி என்று எண்ணிக்கையாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். லிஃப்ட் உண்டு என்றாலும் லிஃப்டுக்கு முன்னால் ஏழெட்டுப் படி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஏசி உண்டா என்றும். பல பழைய வீடுகளில் கிடையாது, வெயில் 35 டிகிரியைத் தொடும் நாட்களும் வருகின்றன.

கேட்கவே சங்கடமா இருக்கு, பாத்ரூம் விஷயம்…

எல்லாரும் கேட்கிறார்கள், கடைசியில் குரலைத் தாழ்த்தி. கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, காகிதம்தான். இத்தாலியில் 1975-லேயே வீடுகளில் பிடே (உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் சின்னத் தொட்டி) இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள், அங்கே கவலை இல்லை. மற்ற இடங்களுக்குக் கையடக்கமாக, அழுத்தினால் பீய்ச்சும் பாட்டில் ஒன்று வாங்கிப் போங்கள். அறைக்கு ஒன்று, கைப்பைக்கு ஒன்று.

இதைவிட முக்கியம் குளியல் தொட்டி. அதன் விளிம்பு முழங்கால் உயரத்துக்கு மேல், உள்ளே வழுக்கும், பிடிக்கக் கம்பி இருக்காது. பதிவு செய்யும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தரையோடு தரையாக ஷவர் உள்ள அறையாக எடுங்கள். வெளியில் இருக்கும்போது ரயில் நிலையக் கழிப்பறைகளில் பல இடங்களில் காசு கேட்கும், சில்லறையை அம்மா கையிலேயே கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் நம்மிடம் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா இருக்காமே, தூங்குவாங்களா?

ஜூனில் வியன்னாவில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது, ஆம்ஸ்டர்டாமில் பத்து. கோடையில் இந்தியா, இலங்கை நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் (குளிர்காலத்தில் நாலரை). அதனால் அங்கே மாலை ஏழுக்கே அவர்களுக்குக் கண் சொக்கும், விடிகாலை இரண்டரை மூன்றுக்கு விழிப்பு வந்துவிடும். இதோடு சண்டை போடாதீர்கள். திரைச்சீலையை இழுத்து மூடி ஒன்பதுக்குப் படுக்க வைத்து, அதிகாலையை உபயோகித்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கே பளிச்சென்று விடிந்துவிடும். இரண்டாம் நாள் ஐந்தரைக்கு நாங்கள் தெருவில் இறங்கியபோது குப்பை வண்டியும் நாங்களும்தான். அம்மாவுக்கு அந்த ஊரிலேயே பிடித்த நேரம் அது.

பகலில் தூக்கம் வந்தால் அரை மணி, முக்கால் மணி. அதற்குமேல் விட்டால் இரவு போச்சு.

சரி, அந்த மூணு நாளும் என்னதான் பண்ணினீங்க?

முதல் நாள் மேலே சொன்ன பெஞ்சு. சாயங்காலம் ட்ராம். ஓபரா வாசலில் 1-ஆம் எண் ட்ராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் வரிசையாக வரும். அது ரிங் சாலை, பழைய கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி 1857-ல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் உத்தரவிட்டு, அந்த இடத்தில் போட்டது. கால் வலிக்காமல் பாதி வியன்னாவைப் பார்த்துவிடலாம். காகித டிக்கெட் வாங்கினால் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த மறக்காதீர்கள், குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை, அபராதம் நூறு யூரோவுக்கு மேல்.

இரண்டாம் நாள் புனித ஸ்டீபன் பேராலயம். தெற்குக் கோபுரத்துக்கு 343 படி, அந்தப் பக்கமே போகாதீர்கள். வடக்குக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது, மேலே பும்மெரின் என்ற பெரிய மணி. அப்புறம் காப்பிக் கடை. ஒரு காப்பி வாங்கினால் எவ்வளவு நேரமானாலும் எழுப்பமாட்டார்கள், கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் சின்னத் தட்டில் வைத்து வரும். அதுதான் அங்கே வழக்கம். மதியம் அறை, தூக்கம், சாயங்காலம் வீட்டுப் பக்கத்துப் பூங்கா.

மூன்றாம் நாள்தான் ஷோன்ப்ரூன் அரண்மனை, நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே வாங்கி. 1,441 அறைகளில் நமக்குக் காட்டுவது நாற்பது சொச்சம், அதுவே போதும். பின்னால் மேட்டில் தெரியும் குளோரியெட் என்ற மண்டபத்துக்கு நடக்க வேண்டாம், தோட்டத்துக்குள் சின்ன ரயில் வண்டி ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். இரண்டாவது இடம் போட்ட நாளெல்லாம் எங்களுக்குக் கெட்ட நாள்தான்.

சைவம் சாப்பிடுறவங்க. பட்டினி கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம், ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆஸ்திரியாவில் காய்கறி சூப் என்று எழுதியிருப்பதுகூட மாட்டு எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். அங்கே பேசும் ஜெர்மனில் "ஓனே ஃப்ளைஷ்" என்றால் இறைச்சி இல்லாமல், "ஓனே ஐ" என்றால் முட்டை இல்லாமல். முட்டையும் ஆகாது என்றால் கேக், பெரும்பாலான மாவுப் பண்டம் எல்லாம் போய்விடும். அசல் பார்மசான் சீஸிலும் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்க்கிறார்கள், இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

எங்கள் ஏற்பாடு: காலை, இரவு வீட்டில் சோறும் சூப்பர் மார்க்கெட் தயிரும், மதியம் மட்டும் வெளியே. சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போனேன், மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், வியன்னாவுக்கு அது ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873 முதல் வருகிறது. அம்மாவுக்கு நம்பிக்கை வர இரண்டு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இறங்குறோம், ஏதாவது பிரச்சனையா?

ஆஸ்திரியா, ஜெர்மனியில் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையம், விமான நிலையத்துக்குள் உள்ளவை திறந்திருக்கும், கூட்டம் பிதுங்கும். இறங்கின கையோடு அங்கேயே பால், தயிர், பழம் வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொண்ணுக்கும் விலையை ரூபாயில கணக்குப் போட்டு "வேண்டாம்"ங்கிறாங்க. எப்படிச் சமாளிச்சீங்க?

சமாளிக்கவில்லை, தோற்றேன். காப்பி ஐந்து யூரோ சொச்சம் என்றதும் நூறால் பெருக்கிவிட்டு "எனக்குக் காப்பியே பிடிக்காது" என்றார், வாழ்நாளில் ஒரு நாள் காப்பி இல்லாமல் எழுந்திருக்காத மனுஷி. இரண்டாம் நாளிலிருந்து விலை அட்டையை அவர் பக்கம் திருப்புவதை நிறுத்தினேன். நாள் செலவுக்கென்று இருபது யூரோவை அவரிடமே கொடுத்து "இதை நீதான் செலவழிக்க வேண்டும்" என்றதும் கொஞ்சம் பலித்தது, மிச்சம் பிடித்துக் காந்தத்தில் ஒட்டுகிற பொம்மை நாலு வாங்கினார். கார்டு தேய்க்கும் இடத்தில் "யூரோவிலா, உங்கள் நாட்டுப் பணத்திலா" என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள், இன்னொன்றில் மாற்று விகிதத்தில் நமக்குத்தான் நஷ்டம்.

மாத்திரை, திடீர்னு உடம்புக்கு முடியலைன்னா?

மாத்திரைகள் முழுவதும் கைப்பெட்டியில், அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும், நம் ஊர் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. இன்சுலின் போடுகிறவர்கள் நேர மாற்றத்துக்கு எப்படிப் போடுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112. ஆஸ்திரியாவில் ஆம்புலன்ஸுக்கு 144, அவசரமில்லாத உடல்நலச் சந்தேகத்துக்கு 1450. இரவிலும் ஞாயிறிலும் மருந்துக் கடை மூடியிருந்தால் கதவிலேயே அப்போது திறந்திருக்கும் அடுத்த கடையின் முகவரி இருக்கும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கட்டாயம், ஆனால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றால் வரும் செலவை அது ஏற்குமா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். விசாவுக்குப் போதுமான காப்பீடும் அம்மாவுக்குப் போதுமான காப்பீடும் ஒன்றல்ல.

கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டா?

மெட்ரோ கதவு நடுவில் மூடிக்கொள்வதுதான் நிஜமான ஆபத்து. அதற்கு ஒரே விதி வைத்துக்கொண்டோம். ரயிலுக்குள் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், வெளியே நிற்பவர் அடுத்த ரயிலில் அங்கே வர வேண்டும். "யார் தேடுவது, யார் நிற்பது" என்பது தெளிவாக இருந்தால் போதும். அம்மா இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தார், ஒரு தடவை தேவையும்பட்டது. தங்குமிட முகவரியும் என் எண்ணும் எழுதின அட்டை எப்போதும் அவர் பையில். பை முன்பக்கம், ஜிப் உடம்பைப் பார்த்து.

கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்லை, நீ போ, நான் வர்றேன்"னுதான் சொல்றாங்க. நம்பலாமா?

நம்பாதீர்கள். பயணத்துக்கு நாம் செலவழிக்கிறோம் என்ற எண்ணம் இருக்கும்வரை அவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். வாயைக் கேட்காமல் காலைப் பாருங்கள். எங்கள் அம்மா களைத்துவிட்டால் சுவரோரமாக நடப்பார், பார்க்கிற எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்த "தான்" வந்தால் உட்கார இடம் தேட வேண்டும் என்று மூன்றாம் நாள் புரிந்தது. "களைப்பா இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "எனக்குக் கால் வலிக்குது, உட்காரலாமா?" என்று கேளுங்கள்.

அம்மாவை ரூம்ல விட்டுட்டு நான் மட்டும் கொஞ்சம் சுத்திட்டு வரலாமா? தப்பா இருக்குமோ?

இரண்டாம் நாள் சாயங்காலம் எங்களுக்குள் ஒரு சண்டை, காரணம் இப்போது நினைவில்லை, தூக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும். அப்புறம் அவரே "நீ போய்ச் சுத்திட்டு வா, நான் கொஞ்ச நேரம் யார் முகத்தையும் பார்க்காம இருக்கேன்" என்றார். போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் அம்மா எதிர் வீட்டு ஜன்னலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்ட கிழவியோடு கையசைத்துப் பேசிக்கொண்டிருந்தார், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் தெரியாமல். தாராளமாகப் போங்கள். கதவு உள்ளேயிருந்து எப்படித் திறக்கும், அடுப்பு எப்படி அணையும் என்பதை மட்டும் ஒரு முறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். சில வீடுகளில் கதவை இழுத்துவிட்டால் வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்காது.

நாலாம் நாள் ரயில்ல வேற ஊர் போறோம். ரயில் ஏறுறது கஷ்டமா?

ஏறுவதைவிடச் சரியான பெட்டியைத் தேடி ஓடுவதுதான் கஷ்டம். மேடையில் அ, ஆ மாதிரி எழுத்துப் போட்டுப் பகுதி பிரித்திருப்பார்கள், எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று மேடைப் பலகையில் காட்டும். பத்து நிமிடம் முன்பே அங்கே போய் நில்லுங்கள், பல ரயில்கள் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். ஆஸ்திரியாவில் இருக்கை முன்பதிவு பெரும்பாலும் கட்டாயமில்லை, ஆனாலும் சில யூரோ போட்டுச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாக நடக்க வேண்டிவரும். பழைய வகைப் பெட்டி என்றால் இரண்டு மூன்று செங்குத்துப் படி இருக்கும். முதலில் அம்மா, அப்புறம் சின்னப் பெட்டி, கடைசியில் நீங்கள் பெரிய பெட்டியோடு. நான் பெரிய பெட்டியை முதலில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது யாரோ ஒரு கல்லூரிப் பையன் அம்மாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, அம்மா அவனுக்குத் தமிழில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.